புத்தளத்து ஆபிரிக்கர்

புத்தளம் என்ற மாத்திரத்தே பலருக்கு உப்பின் நினைவு வரும். உப்புத்தளம் என்பதே நாளடைவிற் புத்தளம் என மருவிற்று என்று பெயர்க்காரணம் கூறுவாரும் உளர். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாக வடக்கு நோக்கிச் செல்வோர்க்குத் தென்னந்தோட்டங்கள் மெல்ல மெல்லக் குறைந்து, வறண்ட காற்றும், பரந்த கடலேரியும், வெண்குவியல்கள் நிறைந்த உப்பளங்களும் எதிர்ப்படும். அந்தக் கடலேரியைச் சூழ்ந்த நிலத்திற் சோனகரும் தமிழரும் சிங்களவரும் மலாயரும் நெடுங்காலமாக அடுத்தடுத்து வாழ்கின்றனர். உடப்பிலே திரௌபதையம்மனுக்குத் தீமிதிப்பு நடைபெறும். தலவில்லிலே புனித அன்னம்மாளின் திருநாளுக்கு நாடெங்குமிருந்து மக்கள் வந்து கூடாரமிட்டுத் தங்குவர். கற்பிட்டியிற் பள்ளிவாசலின் பாங்கொலி கடற்காற்றொடு கலந்து கேட்கும். 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் வந்து தங்கியதும் இம்மாவட்டத்திலேதான். வந்தவர்க்கு இடங்கொடுப்பது அக்கரைக்குப் பழகிப்போன ஒன்று.

இத்துணை மக்களிடையே, அயலாருக்கே முழுதும் தெரியாத ஒரு சிறு கூட்டமும் உண்டு. புத்தளம் நகரிலிருந்து அநுராதபுரத்துக்குச் செல்லும் பெருந்தெருவிற் சில கல் தொலைவிற் சிறாம்பியடி என்னும் சிற்றூர் இருக்கின்றது. அவ்வூரிற் குடியிருக்கும் சில பத்துக் குடும்பத்தினர் ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள். சுருண்ட கூந்தலும் கறுத்த மேனியும் உடைய முதியோர், தூய சிங்களத்திற் பேசுவர். சந்தையிலே தமிழும் பேசுவர். ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கத் தேவாலயத்துக்குச் செல்வர். அவர்களுடைய பாட்டுக்களின் மொழி மாத்திரம் இம்மூன்று வகையிலும் அடங்காது. அம்மொழி யாது என்பதைப் பின்னர்ப் பார்க்கலாம்.

ஆபிரிக்க மக்களின் குடும்ப வாழ்வு, தொழில், பண்பாடு ஆகியவை பற்றிப் பேச முற்படுவோர், நைஜீரியா முதலிய மேற்குக் கரை நாடுகளையும், அங்கிருந்து அத்திலாந்திக் கடலைக் கடந்து அமெரிக்காவிற்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோரையுமே பெரிதும் எடுத்துக் கூறுவர். அந்தக் கதை பெருங்கதை. உலகம் அதனை ஓரளவு அறியும். ஆயின், ஆபிரிக்காவின் கீழைக் கரையிலிருந்து இந்து சமுத்திரத்தைக் கடந்து வந்தோரும் பலர். அவர்களின் கதை இலங்கையின் கதையோடு பின்னிக் கிடக்கின்றது. அதனை அறிவதற்குக் கப்பலேற வேண்டுவதில்லை. புத்தளத்துக்குப் போகும் பேருந்து ஒன்றே போதும்.

இவர்கள் எப்போது வந்தனர்? ஒரே காலத்தில் வந்தவர்களல்லர். மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபுனு பதூதா 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். அவர் கரையிறங்கிய ‘பட்டாலா’ என்னும் பட்டினம் புத்தளமே என்பது அறிஞர் பலரின் கருத்து. அவர் பின்னர்க் கொழும்பையும் கண்டார்; அங்கு ஆட்சி செலுத்திய தலைவன் ஒருவனிடம் ஏறக்குறைய ஐந்நூறு அபிசீனியர் பணிபுரிந்தனர் என்று எழுதி வைத்தார். எனவே, ஐரோப்பியரின் கப்பல்கள் இக்கடலிற் காணப்படுவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஆபிரிக்க வீரர் இத்தீவில் இருந்தனர் என்பது தெளிவு.

1505ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் வந்தனர். மொசாம்பிக் கரையும் கோவாவும் அவர்கள் கைவசம் இருந்தமையால், ஆபிரிக்க அடிமைகளையும் போர்வீரரையும் அவர்கள் இங்குக் கொண்டுவந்தனர். 1656ஆம் ஆண்டிற் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டை கட்டும் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அடிமைகளைப் பயன்படுத்தினர். பகலெல்லாம் கோட்டைக்குள் உழைத்தவர்களை இரவிலே ஏரி சூழ்ந்த ஒரு நிலத்துண்டிற் கொண்டுபோய் விடுவர். அந்த இடமே, அடிமைத் தீவு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை நெடுங்காலம் சுமந்து நின்ற கொம்பனித்தெரு. நகர வாசிகள் எத்தனையோ தலைமுறையாக அப்பெயரைச் சொல்லியே பேருந்திற் சீட்டு வாங்கினர். யார் அந்த அடிமைகள் என்று கேட்டவர் மிகச் சிலராகவே இருத்தல் வேண்டும்.

கண்டி அரசரிடத்தும் ஆபிரிக்கர் இருந்தனர். 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ரொபட் நொக்ஸ், இரண்டாம் இராசசிங்கன் தன் அறை வாயிலைக் காக்கவும் தன் மெய்யைக் காக்கவும் ஆபிரிக்கரையே அமர்த்தியிருந்தான் என்றும், தன் குடிமக்களினும் அவர்களையே அவன் மிகுதியாக நம்பினான் என்றும் குறித்துள்ளார். ஊரும் உறவும் இல்லாதவன் சூழ்ச்சியிற் சேரமாட்டான் என்று அரசன் கணக்கிட்டிருக்கலாம். அந்நியனுடைய தனிமை இவ்வாறு பிறனுக்குப் பாதுகாப்பாயிற்று!

ஆங்கிலேயர் காலத்து வரலாறே சிறாம்பியடிக்கு மிகவும் நெருங்கியது. 1798 முதல் 1805 வரை ஆளுநராயிருந்த பிரெடெரிக் நோர்த் என்பார், கோவாவிலிருந்து ஆபிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கிப் படையிற் சேர்க்க ஏற்பாடு செய்தார். இவ்வாறு அமைந்த மூன்றாம் இலங்கைப் படைப்பிரிவு ஆபிரிக்கர் படை எனவே பெயர்பெற்றது. கண்டிப் போர்களுக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர். 1807ஆம் ஆண்டில் இலண்டன் நாடாளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடைசெய்தது. ஆனால் இலங்கையில் அடிமை முறை முற்றாக ஒழிக்கப்படுவதற்கு 1844ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் ஆபிரிக்க வீரர் மலாய் வீரரோடு இலங்கை ரைபிள் படையிற் சேவித்தனர். அப்படையும் 1873ஆம் ஆண்டிற் கலைக்கப்பட்டது. புத்தளத்திலே காவற்கடமையில் இருந்து ஓய்ந்தவர்கள் அங்கேயே தங்கினர். செல்லங்கண்டற் பக்கத்திலும் பின்னர்ச் சிறாம்பியடியிலும் அவர்கள் மக்கள் குடியேறினர்.

திரும்பிப் போக அவர்களுக்கு ஊர் இருந்ததா என்று கேட்கலாம். மலாய் வீரனுக்குச் சாவகம் இருந்தது. அதன் பெயரேனும் அவன் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. விலைக்கு வாங்கப்பட்ட ஆபிரிக்கனுக்கோ, இளமையிற் பிடிபட்டுப் பல கை மாறி வந்தமையால், தன் சிற்றூரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கவும் வாய்ப்பிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் அதனைத் தேசப்படத்திற் காட்டுவார் யார்? இன்று சிறாம்பியடி முதியோரிடம் மூதாதையர் ஊரைக் கேட்டால், ஆபிரிக்கா என்ற ஒரே சொல்லே மறுமொழியாகக் கிடைக்கும். ஒரு பெரும் கண்டமே ஓர் ஊரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

படை கலைந்த பின்னர் வாழ்வதற்குத் தொழில் வேண்டும். உப்பு அக்காலத்தில் அரசாங்கத்தின் தனியுரிமைப் பொருள். அனுமதியின்றி ஒருவர் அதனை விளைவித்தலும் விற்றலும் குற்றம். ஆகவே உப்பளங்களுக்குக் காவல் தேவைப்பட்டது. துப்பாக்கி பிடித்துப் பழகியவனும், உள்ளூரிற் சாதியோ சுற்றமோ இல்லாதவனும் காவலுக்கு ஏற்றவன் என்று அதிகாரிகள் கருதினர் போலும். கண்டி மன்னன் எண்ணியதும் இதுவே அன்றோ? காலப்போக்கிற் காவலாளியின் பிள்ளைகள் உப்பளத் தொழிலாளர் ஆயினர்.

உப்பு விளையும் விதத்தை அறிந்தால்தான் இத்தொழிலின் அருமை விளங்கும். கடலேரியின் நீரை முதலிற் பெரிய பாத்திகளிற் கட்டி வைப்பர். வெயிலும் கச்சான் காற்றும் நீரை உறிஞ்ச, அது கடுத்துக்கொண்டே வரும். கடுத்த நீரைச் சிறு பாத்திகளுக்கு மாற்றுவர். அங்கேதான் உப்புப் பூக்கும். காலந் தப்பி ஒரு மழை பெய்தால் பல வார உழைப்பு ஓர் இரவிற் கரைந்துபோகும். எனவே வாடைக்காற்றோடு மழை இறங்குவதற்கு முன்னர் அனைவரும் விரைந்து வாரிக் குவிப்பர். வெறுங்காலோடு உவர்நீரில் நிற்பவர்க்குப் பாதம் வெடிக்கும். வெண்மையின் கூச்சத்தாற் கண் மங்கும். இந்த வேலையிலே ஆபிரிக்க வழியினன், சோனகன், தமிழன், சிங்களவன் என்ற வேற்றுமை இருந்ததில்லை. எல்லோர் காலையும் உப்பு ஒரே விதமாகவே அரித்தது. சிங்களமும் தமிழும் சரளமாக அவர்கள் நாவில் ஏறியது பள்ளிக்கூடத்தைவிட உப்பளத்திலேதான் என்று கூறுவது பிழையாகாது.

உப்பளத்தை நம்பியிருந்த அந்த வாழ்வும் இப்போது மாறிவிட்டது. இளைஞர் அயலார் செய்யும் தொழில் யாவற்றையும் செய்கின்றனர்; மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலை தேடிச் செல்வோரும் உளர். முன்னோர் தளையோடு கடந்த அதே கடலைப் பேரப்பிள்ளைகள் கடவுச்சீட்டோடு கடக்கின்றனர். சென்ற இடத்திலே ஆபிரிக்க நாட்டவர் தம்மைக் கண்டு தம் ஊரார் எனக் கருதிப் பேச்சுக் கொடுத்தால், மறுமொழி சொல்லப் பொது மொழி இல்லாமல் இவர்கள் நகைத்து நிற்பதைத் தவிர வேறு என்ன செய்வர்?

இனிக் குடும்பம். படைக்கென்று கொண்டுவரப்பட்டோர் பெரும்பாலும் ஆண்கள். எனவே தொடக்கத்திலிருந்தே கலப்பு மணம் இருந்தது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இருந்த ஆபிரிக்க வழியினர் போர்த்துக்கேயப் பறங்கியரோடு மணவினை கொண்டு கலந்தனர். புத்தளத்தில் இருந்தோர் ஓரளவு தம்முள்ளேயே மணந்து ஒரு சமூகமாக நிலைத்தனர். ஆனால் சிறிய ஊரிலே சில தலைமுறைக்குள் எல்லாரும் எல்லார்க்கும் உறவாகிவிடுவர். தமிழ்ச் சமூகத்தில் மாமன் மகளும் அத்தை மகனும் உரிமைக்காரர். அவர்கள் மணந்துகொள்வதே வழமை. கத்தோலிக்கத் திருச்சபையோ நெருங்கிய உறவினர் மணத்தைச் சிறப்பு அனுமதியின்றி ஏற்பதில்லை. எனவே வெளியே பெண்ணெடுத்தலும் வெளியே பெண்கொடுத்தலும் சிறாம்பியடிக்கு இன்றியமையாதனவாயின. இன்று அங்கே சிங்களத் தாய்மாரும், சிங்களத் தந்தையரும், தமிழ்க் கலப்புடைய குடும்பங்களும் சாதாரணம்.

இதன் விளைவு பிள்ளைகளின் முகத்திலே தெரிகின்றது. பாட்டனுக்கிருந்த சுருண்ட மயிர் பேரனுக்கு இல்லை. சில பிள்ளைகளைப் பார்த்தால் அயலூர்ப் பிள்ளை என்றே தோன்றும். இதனை ஓர் இழப்பென்று எழுதும் வெளியூரார் பலர். ஊர் முதியோர் அவ்வளவாகத் துயருறுவதில்லை என்பதே அவர்களைக் குறித்து வெளிவந்த செய்திகளிலிருந்து தெரிகின்றது. மருமகள் நல்லவளாக அமைந்தாளா, பிள்ளை தேவாலயத்துக்கு வருகின்றானா, கையிலே தொழில் இருக்கின்றதா என்பனவே அவர்கள் கேட்கும் கேள்விகள். எந்த ஊர்த் தாயும் தந்தையும் கேட்கும் கேள்விகளும் இவைதாமே. அருங்காட்சியகத்துப் பொருளைப்போலத் தம் மக்களின் மேனி மாறாமல் இருத்தல் வேண்டும் என்று விரும்புவதற்கு அவர்களுக்கு யாதொரு கடமையும் இல்லை.

ஆயினும், மேனியின் நிறம் குறைவதிலே சிலர் மகிழ்ச்சி கொள்வார்களாயின், அதற்குக் காரணம் அவர்களல்லர். அயலில் வாழும் பெரிய சமூகங்களே. தமிழிலே ‘காப்பிலி’ என்றும் ‘காப்பிரி’ என்றும் வழங்கும் சொல் அறபு மொழியிலிருந்து பிறந்தது. இசுலாத்தைத் தழுவாதவர் என்பது அதன் பழம்பொருள். அறபு வணிகர் ஆபிரிக்கக் கரை மாந்தரைக் குறிக்க வழங்கியதைப் போர்த்துக்கேயர் எடுத்துக்கொண்டனர். தென்னாபிரிக்காவில் அச்சொல் கொடிய வசையாகிவிட்டது. அங்கே அதனை ஒருவர்மேல் எறிதல் சட்டத்தின் முன் குற்றமாகும். புத்தளத்திலோ, அம்மக்கள் தமக்குரிய பெயராகவே அதனை ஏற்றுத் தலைநிமிர்ந்து கூறுகின்றனர். தம் பெயரைத் தாமே சொல்லும் உரிமை அவர்களுடையது. ஆனால் தமிழ் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் கறுத்த பிள்ளையைக் ‘காப்பிலி’ என்று ஏசும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. ஒருவர் தம் பாட்டனின் பெயராகச் சொல்லும் சொல்லை இன்னொருவர் தம் பிள்ளையை இழிக்கும் சொல்லாகக் கொள்வாராயின், அவ்விருவர் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கும்போது என்ன நேரும் என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் எண்ணிப் பார்த்தல் நன்று.

வாங்கு என்ற சொல்லே இங்குக் கவனிக்கத்தக்கது. வாங்கு, கதிரை, அலுமாரி, சப்பாத்து, துவாய், பாண், தாச்சி என இலங்கைத் தமிழர் நாள்தோறும் வழங்கும் சொற்கள் பல போர்த்துக்கேயச் சொற்களே. அக்காலத்திலே கரையோர நகரங்களிற் போர்த்துக்கேயமும் உள்நாட்டு மொழிகளும் கலந்த ஒரு பேச்சு மொழி தோன்றிப் பரவிற்று. ஒல்லாந்தர் தம் ஆட்சிக்காலத்தில் தம் மொழியையே பரப்ப முயன்றும், அவர்தம் வீட்டுப் பிள்ளைகளே ஆயாமாரிடமும் அடிமைகளிடமும் அந்தக் கலப்பு மொழியைக் கற்றனர். மட்டக்களப்புப் பறங்கியர் சிலர் இன்றும் அதனைப் பேசுகின்றனர். சிறாம்பியடியாரின் பழைய பாட்டுக்களின் மொழியும் அதுவே. அவர்களுடைய பாட்டன் பாட்டிமார் அதனை வீட்டிற் பேசினர். இன்றையோர்க்கு அது பாட்டின் மொழி மாத்திரமே.

வீட்டு மொழி இவ்வாறு மாறுதல் அக்கரையிற் புதுமையன்று. நீர்கொழும்பு முதற் புத்தளம் வரையுள்ள கடலோரத்திலே, தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, பள்ளிக்கூடத்து மொழியும் தேவாலயத்து மொழியும் சிங்களமாக மாறியதோடு இரண்டொரு தலைமுறையிற் சிங்களத்தைத் தம் மொழியாகக் கொண்டன. அங்கே, பாட்டி சொல்லும் செபம் தமிழிலும் பேத்தி சொல்லும் மறுமொழி சிங்களத்திலும் இருந்த வீடுகள் உண்டு. ஆபிரிக்க வழியினர் இழந்தது தம் முதல் மொழியன்று. அடிமை வாழ்விலே கிடைத்த இரண்டாம் மொழியையே அவர்கள் இப்போது இழக்கின்றனர். முதல் மொழி எதுவென்று அறியவும் வழியில்லை. ஆனாலும் இரண்டாம் மொழியைப் பாட்டிலேனும் பிடித்து வைத்திருக்கின்றனர். பெரிய இலக்கியமும் அச்சுக்கூடமும் பல்கலைக்கழகமும் உடைய மொழிக்காரரும் சில வீடுகளிற் செய்யத் தவறியது இது.

‘மஞ்ஞா’ என்பது அவர்தம் ஆடல் பாடலுக்குப் பெயர். அதற்கு மேடையோ திரையோ வேண்டா. திருமணத்திலோ, நத்தாரிலோ, வேறு மகிழ்ச்சி நாளிலோ வீட்டு முற்றத்தில் எல்லாரும் வட்டமாக அமர்வர். ஒருவர் மெதுவாக ஓர் அடியைத் தொடங்குவார். இரண்டு மூன்று வரிகளே உள்ள பாட்டு. அதையே திரும்பத் திரும்பப் பாடுவர். பறை ஒன்று, சிரட்டை இரண்டு, கரண்டி, வெறும் போத்தல் ஆகிய இவையே வாத்தியம். கைகொட்டு ஏற ஏறத் தாளமும் விரையும். அமர்ந்திருந்தவர் ஒருவர் எழுவார். அவரைக் கண்டு இன்னொருவர் எழுவார். முதிய பெண்கள் இளையோரினும் நன்றாக ஆடுவர். ஆட்டம் உச்சத்தை அடையும்போது பாட்டின் சொற்கள் தாளத்துக்குள் மறைந்துபோகும். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது சொல்லன்று, தாளமே என்பது கேட்டவுடன் புலனாகும். கட்டிக் கொண்டுவந்தவன் கையிலிருந்து எதையும் பறித்துக்கொள்ளலாம். தாளத்தைப் பறிப்பது எப்படி?

அத்தாளம் சிறாம்பியடியோடு நின்றுவிடவில்லை. காப்பிரிஞ்ஞா என்னும் இசைவகையின் பெயரிலேயே காப்பிரி என்னும் சொல் அடங்கியிருக்கின்றது. அதன் வழியிலும் பறங்கியர் இசையின் வழியிலும் பைலா வளர்ந்தது. ஆடுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லே பைலா. 1940களில் வொலி பஸ்தியன் அதனைச் சிங்களப் பாட்டாக்கி நாடெங்கும் பரப்பினார். அவர் பொலிசிற் பணியாற்றியவர் என்பது சுவையான செய்தி. 1970களிலே ஏ. ஈ. மனோகரன் முதலியோர் தமிழிற் பாடிய பொப்பிசையிலும் அத்துள்ளல் கேட்டது. இன்று இலங்கையில் எந்த இனத்தவர் வீட்டுத் திருமணமாயினும், விருந்து முடிந்து கதிரைகள் ஒதுக்கப்பட்டதும், பைலாத் தாளம் எழுந்தால் கால்கள் சும்மா இருப்பதில்லை. அந்தக் கால்கள் தம்மை அறியாமலே ஆபிரிக்கருக்கு நன்றி செலுத்துகின்றன என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வாயாற் செலுத்திய நன்றி குறைவு.

அண்மைக் காலத்தில் மஞ்ஞா மேடைக்கு வந்துள்ளது. கொழும்பிலே கலைவிழாக்களுக்கு அக்குழுவினர் அழைக்கப்படுகின்றனர், தொலைக்காட்சியிலும் தோன்றுகின்றனர். ஷிஹான் த சில்வா ஜயசூரிய என்னும் ஆராய்ச்சியாளர் அவர்தம் பாட்டையும் மொழியையும் பற்றி நூல்கள் எழுதியுள்ளார். இதனால் நன்மை உண்டு. தம் பாட்டனின் பாட்டைக் கேட்க ஒருவர் காசு கொடுத்து வருகின்றார் என்பதைக் காணும் இளைஞனுக்கு அதன்மேல் மதிப்புப் பிறக்கும். ஆயினும், முற்றத்திலே ஒரு பாட்டு அரைமணி நேரம் ஏறி ஏறிச் செல்லும். மேடையிலோ ஐந்து நிமிடத்திற்குள் முடிதல் வேண்டும். முற்றத்தில் எல்லாரும் ஆடுவோர். மேடையில் ஆடுவோர் சிலர், பார்ப்போர் பலர். மெதுவாகத் தொடங்குவதே மஞ்ஞாவின் இயல்பு. பொறுமையில்லாத அவைக்காக அது முதலிலேயே விரைந்து தொடங்கப் பழகினால், அதன் உயிரிலே ஒரு பகுதி குன்றிவிடும்.

இந்தியாவில் இவர்களுக்கு உறவினர் போன்றோர் உளர். குசராத்து, கருநாடகம், ஐதராபாத்து ஆகிய இடங்களில் வாழும் சித்திகள் ஆபிரிக்க வழியினரே. அடிமையாக விற்கப்பட்டு வந்து, அகமதுநகர் அரசின் பெருந்தலைவனாக உயர்ந்து, முகலாயப் படைகளை ஆண்டுக்கணக்காகத் தடுத்து நிறுத்தி, 1626ஆம் ஆண்டில் இறந்த மாலிக் அம்பர் அவ்வினத்தவன். கொச்சியிலோ இன்னொரு விதமான நினைவு உண்டு. ஒல்லாந்தரிடம் கோட்டையை இழந்த போர்த்துக்கேயர், தம் செல்வத்தைச் சுவர்களிற் புதைத்து, அதற்குக் காவலாக ஆபிரிக்க அடிமைகளைக் கொன்று உடன்புதைத்தனர் என்று அங்கு ஒரு கதை வழங்குகின்றது. அவ்வாவியைக் காப்பிரி முத்தப்பன் என்று பெயரிட்டு, மட்டாஞ்சேரியில் இன்றும் சுருட்டும் கள்ளும் படைத்து விளக்கேற்றுகின்றனர். காவலுக்கே பிறந்தவன் ஆபிரிக்கன் என்ற எண்ணம் செத்த பின்னரும் அவனை விடவில்லை.

கருநாடகத்துச் சித்திகளை 2003ஆம் ஆண்டில் இந்திய அரசு பழங்குடிப் பட்டியலிற் சேர்த்தது. அதனால் அவர்கள் பெயர் அரசாங்க ஏடுகளில் நிலைத்தது, சலுகைகளும் கிடைத்தன. இலங்கையின் 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பிற் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், சோனகர், பறங்கியர், மலாயர், செட்டிகள், பரதர் என்று பெயர்கள் வருகின்றன. அதன் பின்னர் ‘ஏனையோர்’ என்று ஒரு வரி. சிறாம்பியடியார் அந்த வரியிலே இருக்கின்றனர். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834ஆம் ஆண்டிலேயே இலங்கையின் ஊர்களையும் மக்களையும் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். ஊரையும் மக்களையும் பெயர் சொல்லிப் பதிந்து வைக்கும் வழக்கத்தை அவ்வளவு காலத்துக்கு முன்னரே தொடங்கிய கரையிலே, ஒரு கூட்டத்தார் ‘ஏனையோர்’ ஆவது பொருத்தமன்று. அட்டவணையில் ஒரு வரி கூட்டுவதற்கு அரசாங்கத்துக்குச் செலவு அதிகமில்லை.

வரி கூட்டினாலும் அதனுள் யாரை எழுதுவது என்பதே அடுத்த கேள்வி. பிறப்புப் பதிவிலே பெற்றோரின் இனம் குறிக்கப்படும். தந்தை சிங்களவராயின் பிள்ளையும் பெரும்பாலும் சிங்களவரென்றே எழுதப்படும். தாய் வழியில் வந்த ஆபிரிக்கப் பாட்டனுக்கு அங்கு இடமில்லை. இவ்வாறு எண்ணிக்கை தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கும். மாறாக, மஞ்ஞா பாடும் முற்றத்திலே யாரும் பதிவுப் பத்திரம் கேட்பதில்லை. சிங்களத் தாயின் பிள்ளையும் தாளம் போடுகின்றது. அயலூரிலிருந்து வந்த மருமகளும் சிரட்டையை எடுத்துக்கொள்கின்றாள். சில பொழுது, மணம் முடித்து வந்தவளே பிறந்தவளினும் ஆர்வமாகப் பாட்டைக் கற்றுக்கொள்ளுதலும் உண்டு.

பாட்டுக் கற்பிக்கும் முறை மிக எளியது. ஏடில்லை, சொற்களைச் சிங்கள எழுத்திற் குறித்து வைப்போர் சிலர் உளர், அவ்வளவே. மூத்த பெண் ஒருத்தி முதலடியை எடுத்துக் கொடுப்பாள். பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்து ஒலியைப் பிடிப்பர். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு பிள்ளை கேட்கும். கடல் என்பாள் ஒருத்தி; காதல் என்பாள் மற்றொருத்தி; எனக்கும் என் தாய் சொல்லவில்லை என்பாள் மூன்றாமவள். அதற்குள் யாரோ போத்தலைத் தட்டத் தொடங்கிவிடுவார். கேட்ட பிள்ளையும் அடுத்த அடிக்குக் கைகொட்டத் தயாராகிவிடும்.